பழைய ஜெர்சியை ஏலத்துக்கு வைக்கிறீர்களா? இஸ்திரிப் பெட்டியை ஒளித்து வையுங்கள்

போன மாதம் கடலூரிலிருந்து இரண்டு பையன்கள் என்னைப் பார்க்கப் புதுச்சேரி வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் கால்பந்து அணி ஒன்றுக்கு பூட்ஸ் வாங்கப் பணம் திரட்டுகிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனின் ஊர் அது. அங்கே பெண் பிள்ளைகள் பந்து உதைப்பதை இப்போதெல்லாம் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பூட்ஸ் வாங்கித் தரத்தான் ஆள் இல்லை. யாரோ ஒரு பெரியவர் பழைய கால்பந்து ஜெர்சி ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அதை ஏலம் விடலாம் என்று திட்டம். ஒருவன் பையிலிருந்து எடுத்து நீட்டினான். துணிக்கடைக் கவரில் நான்காக மடித்து வைத்திருந்தார்கள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. என் கைக்கு வரும் முன்பே சலவைத்தூள் வாசனை வந்துவிட்டது.

"துவைச்சீங்களாப்பா?"

"ஆமாண்ணே, ரெண்டு வாட்டி. காலர்ல ஒரே அழுக்கு."

திட்ட வாய் வரவில்லை. இதே காரியத்தை இதைவிட மோசமாகச் செய்தவன் நான். அவர்களுக்கு டீ கொடுத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். போலி ஜெர்சியை விற்காதீர்கள், நோட்டீஸில் தேதியைச் சரியாகப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

துவைப்பது, அதற்குமேல் இஸ்திரி போடுவது

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை சொல்தா என்போம். குருசுக்குப்பத்தில் அப்படி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். நாங்கள் சிறுவர் அணி ஒன்றுக்காக நிதி திரட்டுவது தெரிந்து, பீரோவிலிருந்து ஒரு பச்சை ஜெர்சியை எடுத்துக் கொடுத்தார். செந்த்-எத்தியென் என்ற பிரெஞ்சு கிளப் அணியின் ஜெர்சி. 1976-ல் பிரான்ஸில் இருந்தபோது கடையில் வாங்கியது. அந்த வருஷம் மே 12-ஆம் தேதி கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் அந்த அணி பயர்ன் மியூனிக்கிடம் 1-0 என்று தோற்றது. இரண்டு முறை பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அங்கே கம்பங்கள் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருந்தன. உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே போயிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள். தோற்று வந்தவர்களுக்குப் பாரிஸில் ஷான்ஸெலிஸே வீதியில் ஊர்வலமே நடந்தது. 2013-ல் அந்தச் சதுரக் கம்பங்களை செந்த்-எத்தியென் கிளப்பே வாங்கித் தன் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டது.

ஜெர்சியின் மார்பில் 'மனுஃபிரான்ஸ்' என்று வெள்ளை எழுத்து. அந்த அணிக்கு விளம்பரம் கொடுத்த நிறுவனம் அது. எழுத்து அச்சு இல்லை, துணியின் மேல் ஒட்டியது. விரலால் தடவினால் வெல்வெட் மாதிரி பொசுபொசுவென்று இருக்கும். சென்னையில் பழைய ஜெர்சி சேகரிப்பவர் ஒருவருக்கு போட்டோ அனுப்பினேன். நாற்பத்தைந்தாயிரம் வரை நானே கேட்பேன் என்று பதில் போட்டார்.

சரி, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொருளைக் கசங்கலாகவா மேடையில் வைப்பது? கையில் பிடிக்கும் இடத்தில் பழுப்பு ஏறியிருந்தது. அக்குளில் வியர்வைக் கறை. சோப்பு போட்டு ஊறவைத்து, வெள்ளை எழுத்து பளிச்சென்று இருக்கட்டும் என்று சொட்டு நீலமும் விட்டேன். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நீலம் எழுத்தில் ஏறாமல் ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பிடித்தது. அதை மறைக்க இஸ்திரி போட்டால் தெரியாது என்று தெருமுனை வண்டிக்குக் கொண்டுபோனேன். வண்டிக்காரர் நல்ல மனிதர். "எழுத்து இருக்கே சார், மேல துணி போட்டுத் தேய்க்கட்டுமா?" என்று கேட்டார். அவசரம், அப்படியே தேயுங்கள் என்றது நான்தான்.

கரிப்பெட்டி இடது ஓரத்தில் இறங்கியது. பெட்டி நகர்ந்தது, துணியும் கூடவே நகர்ந்தது. அவர் பெட்டியைத் தூக்கினார். 'எம்' அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த மூன்று எழுத்தும் பாதி உருகி, பாதி உரிந்து, உலர்ந்த பசை மாதிரி மின்னின. ரப்பர் கருகும் நாற்றம். எழுத்து இருந்த இடத்தில் துணி மட்டும் அசல் பச்சையில் இருந்தது. சுற்றியிருந்த பச்சை எவ்வளவு வெளுத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏலத்தன்று தாத்தா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜெர்சியைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "துவைச்சியா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. சென்னைக்காரர் போனிலேயே கழன்றுகொண்டார். கடைசியில் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு ஒருவர் எடுத்தார், அதுவும் எங்கள் முகத்துக்காக.

பழைய ஜெர்சி வாங்குகிறவன் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகப் போவதில்லை. அந்தப் பழுப்புக்கும் கறைக்கும்தான் அவன் காசு கொடுக்கிறான். போட்டியில் போட்ட ஜெர்சி என்றால் முழங்கைப் புல்கறை, இழுபட்ட நூல், காய்ந்த சேறு எல்லாமே சாட்சி. துவைத்தால் சாட்சியைக் கலைத்த மாதிரி. தூசி இருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். பழைய பருத்தி வேட்டி, பலமுறை துவைத்துக் கஞ்சி போன வேட்டி, அதில் தளர்வாகச் சுற்றி மின்விசிறிக் காற்று படும் அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் நம் கடற்கரை ஊர்களுக்கு ஆகவே ஆகாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கசங்கல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கதையைக் கொஞ்சம் நீட்டுவது

இஸ்திரி விபத்துக்குப் பிறகு எழுத்தில் மிஞ்சியது 'ஃபிரான்ஸ்' மட்டும். எங்கள் குழுவில் ஒருவர், விவரம் தெரிந்தவர்தான், "அப்ப இது பிரான்ஸ் நாட்டு ஜெர்சின்னு வச்சிரலாமே" என்றார். பிரான்ஸ் நீலமல்லவா என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தார். 1978 உலகக் கோப்பையில் மார் டெல் பிளாட்டாவில் ஹங்கேரியோடு ஆடவேண்டிய நாளில் இரண்டு அணியும் வெள்ளை ஜெர்சியோடு வந்துவிட்டன. பிரான்ஸ் அணி கிம்பர்லி என்ற உள்ளூர் கிளப்பின் ஜெர்சியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடி, 3-1 என்று ஜெயித்தது. அந்த ஜெர்சியில் பச்சை உண்டு. உண்மைதான், ஆனால் அது பச்சை வெள்ளைக் கோடு போட்டது. ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் வாங்கியது, போட்டிக்காகத் தயாரித்தும் போடாதது, போட்டியில் போட்டது. இந்த மூன்றும் வேறு வேறு பொருள். எது என்று தெரியாவிட்டால் கடையில் வாங்கியது என்றே எழுதுங்கள். கொடுத்தவரிடம், அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, எந்த வருஷம், எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்று அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். லேபிள், உள்பக்கத் தையல், கிழிசல் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

எவ்வளவு பெரிய ஜெர்சிக்கும் இந்தச் சோதனை உண்டு. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக, பந்தைக் கையால் தட்டிவிட்ட அந்த 'கடவுளின் கை' கோல் அடித்தபோது அர்ஜென்டினாவின் மரடோனா போட்டிருந்த ஜெர்சி, ஆட்டம் முடிந்து இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜிடம் கைமாறியது. 2022-ல் சோதபி ஏலத்துக்கு வந்தபோது, அது கோல் அடிக்காத முதல் பாதியில் போட்டது என்று மரடோனா குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள். அன்றைய போட்டோக்களோடு சின்னம், கோடு, எண் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இரண்டாம் பாதி ஜெர்சிதான் என்று ஏல நிறுவனம் உறுதி செய்தது. 71 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுண்டுக்குப் போனது. அந்த ஜெர்சிகளே மெக்சிகோ சிட்டியில் ஒரு கடையில் அவசரமாக வாங்கி, சின்னம் தைத்து எண் ஒட்டியவை. அந்த அவசரக் கைவேலைதான் பின்னால் அடையாளமாக உதவியது என்று நினைத்துக்கொள்வேன்.

முதுகில் பெயர்

உலகக் கோப்பையில் வீரர் பெயர் முதுகில் ஏறியது 1994-ல்தான். பெயரோடு '86 ஜெர்சி' வந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

பாச்சை உருண்டை

வேண்டாம்.

ஃபிரேம்

ஏலத்துக்கு முன்னால் போடாதீர்கள். வாங்குகிறவர் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஃபிரேம் கடையில் பசையோ ஸ்டேப்ளரோ எடுத்தால் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

பிரியாணிக்குப் பிறகு ஏலம்

யாரும் இருக்க மாட்டார்கள். முன்னாலேயே வையுங்கள்.

நோட்டீஸில் வரிவிலக்கு என்று போடுவது

ஆர்வக்கோளாறில் 'ஏலம் எடுப்பவர்களுக்கு 80ஜி ரசீது உண்டு' என்று அச்சடித்துவிடுகிறார்கள். நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் விதியைத்தான் 80ஜி என்பார்கள். ஏலம் எடுத்தவர் பணத்துக்குப் பதிலாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போகிறார். அது முழுக்க நன்கொடை ஆகிவிடாது. ஜெர்சியைத் தானமாகக் கொடுத்தவருக்கும் விலக்கு கிடையாது, பொருளாகக் கொடுப்பது 80ஜி கணக்கில் வராது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் வராது. அச்சகத்துக்குப் போகும் முன் ஆடிட்டரிடம் போங்கள்.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. பாரிஸில் இருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஏலம் கேட்பார். முத்தியால்பேட்டையில் பிறந்தவராக இருந்தாலும், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் அவர் கொடுக்கும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க உங்கள் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே கணக்கும் இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தில் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஏலப் பணம் இதில் நன்கொடையா, விலையா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு தர்மத்துக்கு?

முழுப் பணமுமா, ஒரு பங்கா, மேடையிலேயே சொல்லுங்கள். மெஸ்ஸியின் ஆறு உலகக் கோப்பை ஜெர்சிகள் 2023-ல் 78 லட்சம் டாலருக்குப் போனபோதும் ஒரு பகுதிதான் பார்சிலோனா குழந்தைகள் மருத்துவமனைத் திட்டத்துக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

மூணுதரம் சொன்னபின் சும்மா இருப்பது

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் காலையில் ஒரு மணி நேரம் நின்று மீன் ஏலத்தைப் பாருங்கள். ஏலம் விடுகிறவர் கண் கூறில் இருக்காது, கேட்கிற ஆட்களின் முகத்தில் இருக்கும். யார் நிஜமாக எடுப்பான், யார் விலையை ஏற்றிவிட்டு நழுவுவான் என்று அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. அதனால் கேட்க வருகிறவர்களிடம் முன்பே பெயர், போன் நம்பர், ஒரு சிறு டெபாசிட் வாங்கிவிடுங்கள். இரண்டாவதாகக் கேட்டவர் யார், எவ்வளவு கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சை ஜெர்சிக்கு அடுத்த வருஷம் வேறொரு ஜெர்சியை ஏலம் விட்டோம். துவைக்காதது. கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கித் தூக்கி முப்பதாயிரத்துக்கு எடுத்தார், கைதட்டல் வாங்கினார், செல்ஃபி எடுத்துக்கொண்டார், மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அவருக்குக் கீழே இருபத்தெட்டாயிரம் என்று ஒரு பெயர் இருந்தது. கூப்பிட்டேன். முதலியார்பேட்டையில் டிராவல்ஸ் நடத்துபவர். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து, ஜெர்சியை வாங்கி, முதல் வேலையாகக் காலரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். "நல்லவேளை, அழுக்கு அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பணம் அனுப்ப போனை எடுத்தார்.