டாக் பெட்டி சத்தம் தராவிட்டால் முதலில் பிசிஎம்

டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டுகிற, டிவியின் டிஜிட்டல் சத்தத்தை அனலொக்காக மாற்றித் தருகிற சின்ன டாக் (DAC) பெட்டி திடீரென்று ஊமையானால், புதிது வாங்க மட்டக்களப்பு டவுனுக்கு ஓடாமல், டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஓடியோ அவுட்டை பிசிஎம் (PCM, சுருக்காத டிஜிட்டல் ஓடியோ) என்று மாற்றிப் பாருங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு இரண்டு சேனல் பிசிஎம் மட்டும்தான் புரியும், டிவி டொல்பியாக (சுருக்கிய சரவுண்ட் ஓடியோவாக) அனுப்பினால் சத்தமே வராது, இல்லாவிட்டால் கரகரக்கும். டிவியை ரீசெட் செய்தால் இந்த செட்டிங் தானாக மாறிவிடுவதும் உண்டு.

பெட்டியில் லைட்டே எரியாவிட்டால் இது உதவாது. வேறு 5 வோல்ட் சார்ஜரும் வயரும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடுகிறதா? கல்லடி மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காற்றுக்கு ஆர்சிஏ சொக்கெட் (சிவப்பு, வெள்ளை வயர் மாட்டுகிற இடம்) பச்சை பிடிக்கும், பவரை எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்துப் பாருங்கள்.