‘உம்’ ஒட்டும் இடத்தில் ‘போத்’: ஆங்கில ஜோடிச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதப் பழகுவோம்

கல்லூரி முடித்த வருடம், ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். மதிப்பெண் பட்டியலிலும் மாற்றுச் சான்றிதழிலும் என் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. நான் எழுதிய வாக்கியம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது: ‘மை நேம் இஸ் போத் மிஸ்ஸ்பெல்ட் இன் தி மார்க் ஷீட் அண்ட் தி டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்.’ மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “பேர் தப்பா இருக்கு, சரிம்மா. ‘போத்’னு போட்டிருக்கியே, அந்த இன்னொண்ணு என்ன?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு பல வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் அலுவலகக் கடிதங்களையும் திருத்திக் கொடுத்து வருகிறேன். அதே பிழை எல்லார் கையிலும் வருகிறது. ஆங்கில அறிவு குறைவு என்பது இதற்குக் காரணமில்லை. நமக்குத் தமிழில் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் பிழை காதில் மாட்டும்.

படி 1: ஜோடிகளை அடையாளம் காணுங்கள்

இலக்கணப் புத்தகங்கள் இவற்றைக் கோரிலேட்டிவ் கன்ஜங்ஷன் என்று சொல்லும். எப்போதும் இரண்டு துண்டாக வரும் இணைப்புச் சொற்கள் இவை. ‘போத்’ வந்தால் ‘அண்ட்’ வர வேண்டும். ‘ஐதர்’ வந்தால் ‘ஆர்’. ‘நைதர்’ வந்தால் ‘நார்’. ‘நாட் ஒன்லி’ வந்தால் ‘பட் ஆல்சோ’. ‘வெதர்’ வந்தால் பெரும்பாலும் ‘ஆர்’. இந்த ஐந்தும் கைவந்துவிட்டால் அலுவலகக் கடிதத்துக்கு அநேகமாகப் போதும். ‘நோ சூனர்’, ‘ஹார்ட்லி’ இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

பேச்சில் ஒரு துண்டைச் சொல்லி இன்னொன்றை விழுங்கிவிடலாம், ஜோடியை மாற்றியும் சொல்லலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். எழுத்தில் அப்படியில்லை. ‘நைதர்’ எழுதிவிட்டு ‘ஆர்’ போட்டால் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

படி 2: தமிழில் ‘உம்’ எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படி முக்கியம், பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளியில் எண்ணும்மை படித்திருப்போம். ‘அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்.’ எண்ணப்படும் ஒவ்வொரு சொல்லின் முதுகிலும் ‘உம்’ ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றில் போட்டு மற்றதில் விட்டால் நம் காது ஒத்துக்கொள்ளாது. ‘அம்மாவும் அப்பா வந்தார்கள்’ என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘ஓ’வும் அப்படித்தான்: ‘இன்றோ நாளையோ வரும்.’

ஆங்கிலத்தின் ‘போத்… அண்ட்’ செய்யும் வேலையும் இதே வேலைதான். வித்தியாசம் ஒன்று உண்டு. நம் ‘உம்’ சொல்லோடு ஒட்டியிருப்பதால் இடம் மாறாது. ஆங்கிலத்தின் ‘போத்’ தனிச்சொல் என்பதால் வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றுவிடும். அதை உரிய இடத்தில் நிறுத்துவது நம் பொறுப்பு.

என் பழைய விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அது ‘மதிப்பெண் பட்டியலிலும் மாற்றுச் சான்றிதழிலும்’. பிரித்துப் பாருங்கள்: பட்டியல், இல், உம். பெயர்ச்சொல் முதலில், வேற்றுமை உருபு அடுத்து, ‘உம்’ கடைசி. ஆங்கிலத்தில் இந்த வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். முதலில் ‘போத்’, அடுத்து ‘இன்’, பிறகு ‘தி மார்க் ஷீட்’. ஆகவே சரியான வாக்கியம்:

‘மை நேம் இஸ் மிஸ்ஸ்பெல்ட் போத் இன் தி மார்க் ஷீட் அண்ட் இன் தி டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்.’

‘இன்’ இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். தமிழிலும் ‘இல்’ இரண்டு முறை வந்தது. ஒரே ‘இன்’ போதும் என்று தோன்றினால் அதை வெளியே எடுத்து முன்னால் வைக்கலாம்: ‘இன் போத் தி மார்க் ஷீட் அண்ட் தி டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட்.’ இரண்டும் சரியே. நான் எழுதியதில் ‘போத்’ போய் ‘மிஸ்ஸ்பெல்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் நின்றது. அதனால்தான் அந்தப் பெரியவர் இன்னொன்று என்ன என்று கேட்டார். தப்பாக அச்சானதோடு பெயருக்கு வேறு ஏதோவும் நேர்ந்திருக்கிறது என்றே அந்த வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தது.

‘ஐதர்… ஆர்’ ஜோடியிலும் செய்து பார்ப்போம். ‘கட்டணத்தைக் காசோலையாகவோ வரைவோலையாகவோ செலுத்தலாம்.’ இங்கே ‘ஓ’ எதில் ஒட்டியிருக்கிறது? ‘செலுத்தலாம்’ என்பதில் இல்லை. ஆகவே ‘தி ஃபீ மே ஐதர் பி பெய்ட் பை செக் ஆர் டிமாண்ட் டிராஃப்ட்’ என்பது பிழை. ‘தி ஃபீ மே பி பெய்ட் ஐதர் பை செக் ஆர் பை டிமாண்ட் டிராஃப்ட்’ என்பது சரி.

‘நாட் ஒன்லி’யைத் தமிழில் ‘மட்டுமல்லாமல்’ என்போம். அது சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும். ‘சென்னைக்கு மட்டுமல்லாமல் மதுரைக்கும்’ என்பது ‘நாட் ஒன்லி டு சென்னை பட் ஆல்சோ டு மதுரை’ ஆகும்.

வினைச்சொற்களை இணைக்கும்போது மட்டும் இந்த வழி கொஞ்சம் மங்கும். ‘பாடினாள்’ என்ற முற்றுவினையின் முதுகில் ‘உம்’ ஏறாது. ‘பாடவும் செய்தாள்’ என்று சுற்றித்தான் போகிறோம். அந்த இடங்களுக்கு அடுத்த படி.

படி 3: இரண்டு துண்டுக்கும் அடுத்துள்ளதை ஒப்பிடுங்கள்

பென்சிலை எடுத்து ஜோடியின் முதல் துண்டை வட்டமிடுங்கள். இரண்டாவதையும் வட்டமிடுங்கள். இரண்டுக்கும் அடுத்து நிற்பது ஒரே இனமாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் பெயர்ச்சொல் என்றால் அந்தப் பக்கமும் பெயர்ச்சொல், இங்கே வினை என்றால் அங்கேயும் வினை.

‘தி ஆஃபீசர் நாட் ஒன்லி இன்ஸ்பெக்டட் தி சைட் பட் ஆல்சோ தி ரெக்கார்ட்ஸ்.’ ‘நாட் ஒன்லி’க்கு அடுத்து ‘இன்ஸ்பெக்டட்’ என்ற வினை. ‘பட் ஆல்சோ’வுக்கு அடுத்து ‘தி ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயர். இனம் சேரவில்லை. ‘இன்ஸ்பெக்டட் நாட் ஒன்லி தி சைட் பட் ஆல்சோ தி ரெக்கார்ட்ஸ்’ என்றால் இரண்டு பக்கமும் பெயர். இரண்டு வினையாகவே வேண்டுமென்றால் ‘நாட் ஒன்லி இன்ஸ்பெக்டட் தி சைட் பட் ஆல்சோ வெரிஃபைட் தி ரெக்கார்ட்ஸ்.’

சட்ட எழுத்தில் இந்த ஒழுங்கைப் பார்க்க வேண்டுமானால் 1865-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தைப் பாருங்கள். அடிமை முறையை ஒழித்த அந்த வரி ‘நைதர் ஸ்லேவரி நார் இன்வாலண்டரி செர்விட்யூட்’ என்றே தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பெயர்ச்சொல். அடிமை முறையும் கூடாது, கட்டாய ஊழியமும் கூடாது. இரண்டு வாசலையும் ஒரே வரியில் சமமாக அடைத்துவிடுகிறது. எனக்கு இந்த ஜோடிகள்மேல் மரியாதை வந்ததே இந்த வரியைப் படித்த பிறகுதான்.

படி 4: வினை ஒருமையா, பன்மையா?

இதையும் தமிழே சொல்லித்தருகிறது. ‘கண்ணனும் முருகனும் வருவார்கள்’ என்பது பன்மை. ‘கண்ணனோ முருகனோ வருவான்’ என்பது ஒருமை. ஆங்கிலத்திலும் ‘போத்… அண்ட்’ பன்மை. ‘ஐதர்… ஆர்’, ‘நைதர்… நார்’ இரண்டிலும் ஒருமைப் பெயர்கள் வந்தால் வினையும் ஒருமை.

ஒன்று ஒருமை, மற்றது பன்மை என்றால்? வினைக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதைப் பார்த்து எழுதுவதே எழுத்து வழக்கு. ‘நைதர் தி பிரின்சிபல் நார் தி டீச்சர்ஸ் வேர் இன்ஃபார்ம்ட்.’ பெயர்களை இடம் மாற்றினால் ‘வேர்’ போய் ‘வாஸ்’ வரும், ஆனால் காதில் உறுத்தும். பன்மையை இரண்டாவதாக வைத்துவிடுங்கள், தொல்லையில்லை. ‘ஐதர் யூ ஆர் ஐ ஆம் ரெஸ்பான்சிபிள்’ மாதிரி சிக்கல் வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். ‘ஐதர் யூ ஆர் ரெஸ்பான்சிபிள் ஆர் ஐ ஆம்’ என்று வாக்கியத்தையே மாற்றுங்கள் (இதில் முதல் ‘ஆர்’ வினைச்சொல், இரண்டாவது ‘ஆர்’தான் ‘ஐதர்’க்கு ஜோடி).

இரண்டுக்கு மேல் அடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியூயார்க்கில் 1914-இல் திறக்கப்பட்ட பெரிய தபால் நிலையக் கட்டடத்தின் முகப்பில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. பண்டைய பாரசீகத் தூதர்களைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியதிலிருந்து எடுத்தது. ‘நைதர் ஸ்நோ நார் ரெய்ன் நார் ஹீட் நார் க்ளூம் ஆஃப் நைட்’ என்று நான்கை அடுக்கிவிட்டு ‘ஸ்டேஸ்’ என்று ஒருமை வினை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘நார்’ வந்ததால் அது நிற்கிறது. கடிதத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: எதிர்மறையை ஒருமுறைதான் சொல்ல வேண்டும்

பிழைகள் அதிகம் நேர்வது இங்கேதான். தமிழ் நமக்கு வழிகாட்டாத இடமும் இதுதான்.

‘பதிலும் வரவில்லை, பணமும் வரவில்லை.’ தமிழில் எதிர்மறை வினையில் இருக்கிறது; ‘உம்’ அதே பழைய ‘உம்’தான். ஆங்கிலத்தில் எதிர்மறை ‘நைதர்’ என்ற சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டது. அது தெரியாமல் ‘நைதர் தி ரிப்ளை நார் தி ரீஃபண்ட் டிட் நாட் கம்’ என்று எழுதுகிறோம். அந்த ‘டிட் நாட்’ வேண்டாம். ‘நைதர் தி ரிப்ளை நார் தி ரீஃபண்ட் கேம்’ போதும்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. ‘இருவரும் கையெழுத்திடவில்லை’ என்பதை ‘போத் தி பார்ட்டீஸ் டிட் நாட் சைன்’ என்று மாற்றுகிறோம். நாம் சொல்ல வந்தது ஒருவர்கூடப் போடவில்லை என்பது. ஆங்கிலம் படிப்பவருக்கோ ‘இருவருமாகப் போடவில்லை, ஒருவர் மட்டும் போட்டிருக்கலாம்’ என்றும் பொருள் படும். ஒப்பந்தத்தில் இந்த இரட்டைப் பொருள் இருக்கவே கூடாது. ‘நைதர் தி பையர் நார் தி செல்லர் சைன்ட்’ என்று எழுதுங்கள். கடிதம் திருத்தும்போது ‘போத்’தும் ‘நாட்’டும் ஒரே வாக்கியத்தில் கண்ணில் பட்டால் நான் உடனே நிறுத்திவிடுவேன்.

படி 6: முதலில் வந்தால் வாக்கியம் திரும்பும்

‘நாட் ஒன்லி’யைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்கி முழு வாக்கியத்தை இணைத்தால், கேள்வி கேட்பதுபோல் துணைவினை முன்னால் வரும். ‘நாட் ஒன்லி டிட் தி கமிட்டி ரிஜெக்ட் தி ப்ரபோசல், பட் இட் ஆல்சோ ஆர்டர்ட் அன் இன்க்வைரி.’ இங்கே ஒரு கமா உண்டு, ஏனென்றால் இரண்டும் முழு வாக்கியங்கள். வெறும் சொற்களை இணைக்கும்போது ஜோடிக்கு நடுவே கமா வேண்டியதில்லை.

‘வந்ததும் வராததுமாக’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘நோ சூனர்… தேன்’. ‘நோ சூனர் ஹாட் தி மீட்டிங் பிகன் தேன் தி பவர் ஃபெயில்ட்.’ ‘சூனர்’ என்பது ஒப்பிடும் சொல், ‘பெட்டர்’ போல. ஒப்பீட்டுக்குத் துணை ‘தேன்’தான். ‘ஹார்ட்லி’யும் ‘ஸ்கேர்ஸ்லி’யும் ஒப்பீடு அல்ல, அதனால் அவற்றுக்கு ‘வென்’. இந்தக் காரணம் மனதில் நின்றால் மனப்பாடம் தேவையில்லை.

படி 7: போலி ஜோடிகள்

‘போத்’துக்கு ‘ஆஸ் வெல் ஆஸ்’ ஜோடி இல்லை, ‘அண்ட்’ மட்டும்தான். ‘தோ’ போட்டுவிட்டு ‘பட்’ போடாதீர்கள். ‘பிகாஸ்’ போட்டுவிட்டு ‘சோ’ போடாதீர்கள். இரண்டில் ஒன்றே இணைக்கும் வேலையைச் செய்துவிடும்.

‘செய்வதா வேண்டாமா’ என்ற பொருளில் அலுவலக எழுத்துக்கு ‘இஃப்’ஐவிட ‘வெதர்’ பொருத்தம். ‘டு’ தொடரும் இடத்தில் ‘வெதர்’ தவிர வேறு வழியே இல்லை: ‘வெதர் டு ரெனியூ தி காண்ட்ராக்ட்.’

செய்து பாருங்கள்

மூன்று வாக்கியங்கள். விடையைப் பார்க்காமல் பென்சிலால் திருத்துங்கள்.

ஒன்று: ‘ஐ ஹேவ் போத் அப்ளைட் ஃபார் தி ஹாஸ்டல் அண்ட் தி ஸ்காலர்ஷிப்.’

இரண்டு: ‘நைதர் தி டிரைவர் ஆர் தி பேசஞ்சர்ஸ் வாஸ் நாட் ஹர்ட்.’

மூன்று: ‘நோ சூனர் தி ஆர்டர் வாஸ் இஷ்யூட் வென் தி ஒர்க் ஸ்டார்ட்டட்.’

முதலாவதில் ‘விடுதிக்கும் உதவித்தொகைக்கும்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், இடம் தானாகத் தெரியும்: ‘அப்ளைட் போத் ஃபார் தி ஹாஸ்டல் அண்ட் ஃபார் தி ஸ்காலர்ஷிப்.’ இரண்டாவதில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ‘ஆர்’ என்பது ‘நார்’ ஆக வேண்டும், ‘நாட்’ போக வேண்டும், பக்கத்தில் ‘பேசஞ்சர்ஸ்’ இருப்பதால் ‘வாஸ்’ என்பது ‘வேர்’ ஆக வேண்டும். மூன்றாவது: ‘நோ சூனர் வாஸ் தி ஆர்டர் இஷ்யூட் தேன் தி ஒர்க் ஸ்டார்ட்டட்.’