மீன் தொட்டித் தண்ணீர்: எந்த மரத்துக்கு, எவ்வளவு

கச்சான் காற்று வீசத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்கு முன்னமே காய்ந்துவிடும். அந்த நாட்களிலும் மீன் வளர்க்கிற வீடுகளில் வாரத்துக்கு மூன்று நான்கு வாளித் தண்ணீர் சும்மா கானுக்குள் போகிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமான தொட்டி விளிம்பு வரை ஏறக்குறைய 190 லீற்றர் கொள்ளும். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக 160 லீற்றர் நிற்கும். வாரம் கால்வாசி மாற்றினால் 40 லீற்றர். பத்துக் கத்தரிக்குத் தலா 4 லீற்றர், அல்லது இரண்டு வாழைக்கு இரண்டிரண்டு வாளி.

தொட்டியிலிருந்து வருவது இரண்டு விதமான தண்ணீர். குழாய் வைத்து இழுக்கிற தெளிந்த தண்ணீர் ஒன்று. பில்டர் ஸ்பொஞ்சைப் பிழியும்போது வருகிற, தேயிலைச் சாயம் போன்ற கலங்கல் மற்றது. இரண்டையும் ஒரே வாளியில் சேர்க்காமல் வைத்தால்தான் இரண்டாலும் பயன்.

மீன் கழிக்கிற அமோனியாவை ஸ்பொஞ்சில் குடியிருக்கும் பற்றீரியா முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். செடி பெரும்பாலும் எடுப்பது அந்த நைத்திரேற்றைத்தான். அதனால் தெளிந்த தண்ணீரே நல்ல பசளை என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வைத்தாலும், 40 லீற்றரில் உள்ள நைதரசன் ஒரு கிராம் யூரியாவில் இருப்பதை விடக் குறைவு. தெளிந்த தண்ணீரின் பெறுமதி அதன் ஈரம். பசளைச் சத்து சேர்ந்து கிடப்பது ஸ்பொஞ்சுச் சேற்றில்.

தண்ணீர் எடுக்கும் முறை

முதலில் பில்டர் மோட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். நீர்மட்டம் இறங்கி மோட்டர் காற்றை இழுத்தால் வெறுமனே சுற்றிச் சூடேறிப் பழுதாகும். கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற அரை அங்குல பிளாஸ்ரிக் குழாய் எட்டு அடி போதும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, கழுத்துக்குள் குழாயைச் செருகி இறுக்கினால் கல்லுக்குள் இருக்கும் அழுக்கை உறிஞ்சும் வாய் கிடைத்துவிடும். குழாய் முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழ் வெளியேறியதும் ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து, தொட்டியை விடத் தாழ்வாக இருக்கும் வாளிக்குள் விடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன் தொட்டியில் வாழும் சில கிருமிகள் காயம் வழியே புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும்.

வாளி வாயில் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். குப்பிக் குஞ்சும் நத்தையும் அதில் தங்கும்.

இப்படி எடுத்த தண்ணீரில் 5 லீற்றரைத் தனி வாளியில் ஊற்றி, ஸ்பொஞ்சை அதற்குள்ளேயே மூன்று நான்கு தரம் பிழியுங்கள். அது போதும். வெள்ளையாகும் மட்டும் கசக்குவதும், குழாய்க்கு நேரே பிடிப்பதும்தான் எல்லோரும் விடுகிற பிழை. குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தப் பற்றீரியாவைக் கொன்றுவிடும். அடுத்த நாள், அல்லது அதற்கடுத்த நாள், தொட்டி பால் கலந்ததுபோல் மங்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டு ஸ்பொஞ்சு இருந்தால் ஒரு முறைக்கு ஒன்று என மாற்றிப் பிழியுங்கள். நீரோட்டம் குறைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் பிழிய நேரம் வந்துவிட்டது. சாதாரணமாக இரண்டு மூன்று வாரம்.

ஊற்றும் முறை

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஊற்றுங்கள். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கத்து மணலில் 4 லீற்றரை ஒரே மூச்சில் கவிழ்த்தால் வேரைத் தாண்டி இறங்கிவிடும். பாதியை ஊற்றி, மற்றச் செடிகளையும் முடித்துவிட்டு வந்து மீதியை ஊற்றுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் அடிமரத்திலிருந்து தள்ளி வட்டமாகக் கிண்டி, தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால் மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வயற்பக்கத்துக் களிமண்ணிலும் சிக்கல் வேறு: கலங்கல் மேலே படிந்து காய்ந்து தோல்போல் வெடிக்கும், அடுத்த தண்ணீர் உள்ளே இறங்காது. அங்கே முதலில் மண்ணைக் கொத்தி, கலங்கலை ஊற்றி, மேலே ஒரு பிடி மண் தூவுங்கள்.

கலங்கலை மிளகாய், கத்தரி, பப்பாசி, முருங்கை, கறிவேப்பிலை எதற்கும் விடலாம், ஆனால் அடியில் மட்டும். நாற்றுத் தட்டில் ஊற்றினால் மேலே பச்சைப்பாசி பிடித்து நாற்று அழுகும். வல்லாரை, பொன்னாங்காணி போல பச்சையாகச் சம்பல் போடுகிற கீரைக்கு எந்தத் தொட்டித் தண்ணீரும் வேண்டாம். மீன் எச்சக் கிருமி இலையில் தங்கினால் கழுவினாலும் முழுதாகப் போகாது.

எடுத்த அன்றே ஊற்றி முடியுங்கள். கலங்கலைப் பரலில் மூடி வைத்தால் உள்ளே இருக்கும் பற்றீரியா ஒட்சிசனைத் தின்று தீர்த்து, கூழ்முட்டை மணம் வரும். தெளிந்த தண்ணீரை வைத்தே ஆகவேண்டுமென்றால் பரல் வாயை நுளம்பு புகாத வலையால் இறுக்கிக் கட்டி, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

உப்பும் மருந்தும்

மீனில் வெள்ளைப்புள்ளி கண்டால் உப்புப் போடுவது வழக்கம், லீற்றருக்கு 1 முதல் 3 கிராம். அந்தத் தண்ணீர் பயிற்றைக்கு ஆகாது. மிளகாயும் தாங்காது. தென்னை தாங்கும், உப்புப் போட்ட வாரங்களில் எல்லா வாளியும் தென்னைக்கே போகட்டும். வாவி ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர் முதலிலேயே உவர் என்றால் இன்னும் கவனம். மண்மேலோ சாடி விளிம்பிலோ வெள்ளைப் படலம் தெரிந்தால் தொட்டித் தண்ணீரை நிறுத்தி, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தரம் நிறைய ஊற்றிக் கழுவுங்கள். மாரி தொடங்கினால் மழையே அந்த வேலையைச் செய்துவிடும்.

மெதிலீன் நீலம், மலகைற் பச்சை, போமலின், நத்தை கொல்லும் செம்பு மருந்து, அன்ரிபயோற்றிக் இவற்றில் எது போட்டிருந்தாலும் சாப்பிடுகிற எதற்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. அதைச் செவ்வரத்தை, குரோட்டன் போன்றவற்றுக்கு மட்டும் விடுங்கள், கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி. மருந்தை உறிஞ்ச வைத்த கரியையும் பாத்தியில் கொட்டாதீர்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கப் போடுகிற தயோசல்பேற் துளிகளைப் பற்றிப் பயமில்லை. கடல்மீன் தொட்டித் தண்ணீர் மட்டும் எந்த மரத்துக்கும் உதவாது.

பலன் வரவில்லை என்றால்

அடி இலைகள் முதலில் மஞ்சளித்தால் நைதரசன் போதவில்லை என்று அர்த்தம். மாட்டெருவோ கூட்டெருவோ போடுங்கள், தொட்டித் தண்ணீர் மட்டும் நம்பினால் இப்படித்தான் வரும். குருத்து இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. சிப்பி கலந்த கரையோர மணலில் சாதாரணமாகக் காணலாம், தண்ணீரைக் கூட்டி ஊற்றினால் தீராது.

துணியில் தங்கிய குஞ்சு, நத்தை, பாசித் துண்டை வாவிக்கும் கானுக்கும் போடாதீர்கள். கானும் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. தொட்டி துப்புரவாக்க விற்கிற உறிஞ்சு வாய் மீன் இலங்கைக் குளங்களில் பெருகிவிட்டது இப்படி விட்டவர்களால்தான். குஞ்சைத் தொட்டிக்கே திருப்பி விட்டு, துணியை வெயிலில் விரித்து நன்றாகக் காய விட்டு, காய்ந்ததை எருக்குழியில் உதறுங்கள்.