பழைய கார் வாங்கும் முன்: ஒரு மாடல் எம்ஓடியில் எப்படித் தேறுகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பது

பிரிட்டனில் பழைய கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேலையைத் தவறாமல் செய்துவிடுகிறார்கள். கண்ணில் பட்ட காரின் நம்பரை அரசுத் தளத்தில் போட்டு அதன் எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடந்தோறும் நடக்கும் கட்டாயச் சோதனை) வரலாற்றைப் பார்த்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது அந்த ஒரு வண்டியின் கதை. அந்த மாடலே ஏழெட்டு வயதில் எதில் மாட்டும், அதே விலைக்குக் கிடைக்கும் இன்னொரு மாடல் அதைவிடத் தேவலையா என்பதெல்லாம் ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள். தம்பிக்குக் கார் பார்த்தபோது நான் இதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். புரோகிராமிங் தெரிய வேண்டாம். எக்செலில் வரிசை போடத் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இந்த மாடல் இத்தனை சதவீதம் பாஸ்" என்று யாராவது ஒற்றை எண்ணை நீட்டினால் நான் நம்புவதில்லை. எந்த வயதில், எத்தனை மைல் ஓடியபின், எந்தக் காரணத்துக்காகப் பெயில் என்ற மூன்றும் கூட வந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

படி 1: எதை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் மூன்று நான்கு தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. அடிப்பகுதியும் சஸ்பென்ஷனும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் "2014 முதல் 2016 வரை பதிவான பெட்ரோல் வண்டி" என்கிற மாதிரி எல்லை போட்டுக்கொள்ளுங்கள். டீசலைத் தனியாக வையுங்கள். 2018 மே 20 முதல் டீசல் புகை விதிகள் இறுகிவிட்டன. டிபிஎஃப் என்ற, டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய வண்டியில் கண்ணுக்குத் தெரியும் புகை வந்தாலே பெயில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எந்தப் பக்கமும் உண்மை தெரியாது.

படி 2: நம்பர்களைச் சேர்ப்பது

கார் விற்பனை விளம்பரங்கள் பலவற்றில் நம்பர் பிளேட்டை மறைப்பதில்லை. உங்கள் எல்லைக்குள் வரும் வண்டிகளின் நம்பர்களை ஒரு பத்தியில் தட்டிக்கொண்டே போங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பத்தியை அழித்துவிடுவது நல்லது. மற்றவர் வண்டி விவரம் நம்மிடம் கிடக்க வேண்டியதில்லை.

எத்தனை வண்டி வேண்டும்? உண்மையான பெயில் விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 25 வண்டிகளைப் பார்த்தால் உங்கள் கணக்கு மேலும் கீழும் சுமார் 18 புள்ளி ஆடும். 100 வண்டி என்றால் 9 புள்ளி. 400 என்றால் நாலரை. அதாவது, 25 வண்டி பார்த்துவிட்டு "அது 28, இது 36, ஆகவே அதுதான் நல்லது" என்று முடிவெடுப்பதற்கு நாணயத்தைச் சுண்டிப் போடலாம். மாடலுக்குக் குறைந்தது ஐம்பது வண்டியாவது சேருங்கள். ஒரே வண்டியின் ஆறு வருடப் பதிவுகளை ஆறு வண்டி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஒரே ஓனர், ஒரே பராமரிப்பு.

படி 3: வரலாற்றுப் பக்கத்தைப் படிப்பது (இங்கேதான் கணக்கு கோணலாகும்)

ஒவ்வொரு நம்பராகத் தளத்தில் போடுங்கள். காசு இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வண்டிகளுக்கு 2005 முதல் பதிவுகள் இருக்கின்றன. புதியது மேலே, பழையது கீழே என்று வரும். நீங்கள் கீழிருந்து மேலே படியுங்கள். வண்டி மூன்று வயதில் எழுதிய முதல் தேர்வில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: வயது, மைலேஜ், பாஸ் அல்லது பெயில், காரணம்.

வருடத்துக்கு ஒரு வரி என்றேன். அது எந்த வரி? அந்த வருடத்தின் முதல் தேர்வு மட்டும்தான். பெயிலான வண்டியைச் சரிசெய்து மறுபடி கொண்டுபோனால் அது மறுதேர்வு. அது கிட்டத்தட்ட எப்போதும் பாஸாகும். அதையும் சேர்த்து எண்ணினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஒரு மாடலில் 100 வண்டி. 30 வண்டி முதலில் பெயில், பிறகு மறுதேர்வில் எல்லாம் பாஸ். மொத்தம் 130 தேர்வு, 100 பாஸ், 77 சதவீதம். இன்னொரு மாடலில் 50 வண்டி பெயில், பிறகு பாஸ். 150 தேர்வு, 100 பாஸ், 67 சதவீதம். பத்து புள்ளிதானே வித்தியாசம், விலை குறைந்ததையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். முதல் தேர்வை மட்டும் எண்ணினால் ஒன்று 70 சதவீதம், மற்றது 50. வித்தியாசம் இருபது புள்ளி. மறுதேர்வுகள் மோசமான மாடலைத்தான் அதிகம் காப்பாற்றுகின்றன, ஏனென்றால் அதற்குத்தான் மறுதேர்வு அதிகம்.

இதில் இன்னொரு கிளைச் சிக்கல். சில வண்டிகளுக்கு ஒரே தேதி, ஒரே மைலேஜ், ஒன்று பெயில், ஒன்று பாஸ் என்று ஜோடியாக வரும். பல்பு, வைப்பர் மாதிரி ஏதோ ஒன்றை கராஜிலேயே ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பிஆர்எஸ் என்பார்கள். இதை நான் பெயில் கணக்கில்தான் வைக்கிறேன். கராஜுக்குள் நுழைந்தபோது வண்டி தேறும் நிலையில் இல்லையே. அரசுப் புள்ளிவிவரத்திலும் இதனால்தான் தொடக்கப் பெயில், இறுதிப் பெயில் என்று இரண்டு எண்கள் தருகிறார்கள். நமக்கு வேண்டியது தொடக்கப் பெயில்.

மேலே இருக்கும் கடைசித் தேர்வை விட்டுவிடுங்கள். விற்கிறவர் "பன்னிரண்டு மாத எம்ஓடியோடு" என்று விளம்பரம் போடுவதற்காகவே டயரையும் பிரேக்கையும் மாற்றித் தேற வைத்திருப்பார். அது மாடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது, விற்பவரைப் பற்றித்தான் சொல்லும்.

2020-ஐயும் கவனியுங்கள். அந்த வருடம் மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை எம்ஓடி முடியவிருந்த கார்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள். அதனால் சில வண்டிகளில் இரண்டு தேர்வுகளுக்கு நடுவே பதினெட்டு மாத இடைவெளி தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, பயப்பட வேண்டாம்.

படி 4: பெயில்களை மூன்று குவியலாகப் பிரிப்பது

எனக்குப் பிடித்த வேலை இதுதான். நாட்டு அளவில் கார்கள் முதல் முயற்சியில் பெயிலாவது சுமார் பத்துக்கு மூன்று. அதில் பெரும்பங்கு லைட், சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவற்றால்தான். ஆனால் எல்லாப் பெயிலும் ஒரே ரகமல்ல.

முதல் குவியல், ஓனரின் அலட்சியம். எரியாத பல்பு, கிழிந்த வைப்பர், தேய்ந்த டயர், தீர்ந்துபோன கண்ணாடி கழுவும் தண்ணீர். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்திருந்தால் தேர்வுக்கு முன்பே சரிசெய்திருக்கலாம். இதற்காக மாடலைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, தேய்மானம். பிரேக் பேட், டிஸ்க், சஸ்பென்ஷனின் புஷ், பால் ஜாயின்ட். எல்லா வண்டிக்கும் வரும். எந்த மைலேஜில் வருகிறது என்பதுதான் விஷயம். ஒரு மாடலுக்கு 40,000 மைலிலும் போட்டி மாடலுக்கு 70,000 மைலிலும் வந்தால் அது உங்களுக்குப் பயன்படும் தகவல்.

மூன்றாவது, மாடலின் சொந்தக் குணம். அடிப்பகுதித் துரு, பிரேக் குழாய் அரிப்பு, உடைந்த காயில் ஸ்பிரிங், ஒரே வயதில் பல வண்டிகளில் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு. ஒரே வரி ஐந்தாறு வண்டிகளில் திரும்பத் திரும்ப வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் தேடிவந்தது அதைத்தான்.

அட்வைசரி (பெயில் இல்லை, ஆனால் கவனித்துக்கொள்ளுங்கள்) என்று வரும் குறிப்புகளையும் படியுங்கள். பெயிலை விட அவைதான் அதிகம் பேசும். "துரு பிடித்திருக்கிறது, ஆனால் பெரிதாக வலுவிழக்கவில்லை" என்ற குறிப்பு ஏழாவது வயதில் வண்டியின் ஒரு பக்கத்துக்கு, எட்டில் இரண்டு பக்கத்துக்கும், பத்தில் பெயிலாக வருவதை அதே வரலாற்றில் பார்க்கலாம். ஆனால் எல்லா அட்வைசரியும் குறையல்ல. "குழந்தை இருக்கை பொருத்தியிருப்பதால் சீட் பெல்ட்டை முழுதாகச் சோதிக்க முடியவில்லை", "அடியில் மூடி இருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை" என்பவை சோதித்தவர் தன் பங்குக்கு எழுதி வைப்பவை. எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 2018 மே-க்குப் பிறகு குறைகள் ஆபத்தானது, பெரியது, சிறியது என்று மூன்றாகப் பிரிந்தன. முதல் இரண்டும் பெயில். சிறியது இருந்தாலும் பாஸ். அதற்கு முந்தைய பதிவுகளில் இந்தப் பிரிவு இருக்காது.

படி 5: யார் ஓட்டினார்கள்?

ஹோண்டா ஜாஸ் வயதானவர்கள் விரும்பி வாங்கும் கார் என்று பெயரெடுத்தது. மெதுவாக, குறைவாக ஓடும், சர்வீஸ் தவறாது. டொயோட்டா பிரியஸ் நகரங்களில் மினிகேபாக (வாடகைக் காராக) இரவு பகல் ஓடும். இரண்டின் எட்டாம் வயதுத் தேர்வை அப்படியே ஒப்பிட்டால் கார்களை ஒப்பிட்டதாகாது, ஓட்டியவர்களைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். அதனால் வயதோடு மைலேஜையும் 20,000 மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒரே கட்டத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். வருடத்துக்கு 40,000 மைல் ஓடிய வண்டிகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

படி 6: இன்னும் ஆழமாகப் போக விரும்பினால்

விளம்பரத்தில் இருக்கும் வண்டிகள் பிழைத்துக் கிடந்த வண்டிகள். துருப்பிடித்து எட்டாம் வயதிலேயே உடைப்புக்குப் போனவை உங்கள் பட்டியலில் வரவே வராது. அந்த ஓட்டையை அடைக்க ஒரே வழி அரசு வெளியிடும் முழுத் தரவு. பெயர், நம்பர் எல்லாம் நீக்கி, 2005 முதலான எம்ஓடி முடிவுகளை வருட வாரியாக இலவசமாகத் தருகிறார்கள். மாடல் வாரியான பெயில் விவரம் ஒரு காலத்தில் பூட்டியே கிடந்தது. பிபிசி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் போராடியபின் 2010-இல்தான் வெளியே வந்தது.

ஒரு வருடத்துக்கே மூன்று கோடி வரிகளுக்கு மேல். எக்செல் 10,48,576 வரியோடு நின்றுவிடும், முயற்சியே செய்யாதீர்கள். என் விருப்பம் டக்டிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள்: இன்ஸ்டால் செய்ய ஒரே கோப்பு, சாதாரண லேப்டாப்பே தாங்கும். பெரிய டேட்டாபேஸ் சர்வர் வைக்கச் சொல்கிறவர்கள் வேறு வேலை இல்லாதவர்கள்.

திறந்ததும் செய்ய வேண்டியது: சாதாரணத் தேர்வு வகையை மட்டும் வைத்து மறுதேர்வுகளை வெளியேற்றுங்கள், நான்காம் வகுப்பை மட்டும் எடுங்கள் (கார்கள் அதில்தான்), பாதியில் கைவிட்ட தேர்வுகளை நீக்குங்கள், பிஆர்எஸ்ஸைப் பெயிலோடு சேருங்கள், முதல் பயன்பாட்டுத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். மாடல் பெயர்கள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்காது. ஒரே கார், டிரிம் (அதே மாடலின் வசதி ரகம்) பெயர் சேர்ந்தும் சேராமலும் இருக்கும். பெயர் எப்படித் தொடங்குகிறது என்று தேடுங்கள், முழுப் பெயரைப் போட்டால் பாதி வண்டி காணாமல் போகும்.

சேர்த்தது: ஒரு வாசகர் கேட்டார், எல்லாம் பாஸான மாடலை வாங்கியும் கியர்பாக்ஸ் போய்விட்டதே என்று. எம்ஓடி இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதே இல்லை. டைமிங் பெல்ட் அறும் நிலையில் இருந்தாலும் வண்டி தேறிவிடும். அதற்கு சர்வீஸ் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சேர்க்கை: வடக்கு அயர்லாந்து வண்டி பற்றிக் கேட்டவர்களுக்கு. அங்கே முதல் தேர்வு மூன்றாம் வயதில் இல்லை, நான்காம் வயதில். சோதிப்பதும் தனியார் கராஜ்கள் இல்லை, அரசு மையங்கள். தளத்தில் அவர்களின் பதிவு 2017 முதல்தான் கிடைக்கிறது. அவற்றைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து நேரில் பார்க்கப் போகும்போது அதன் வி5சி என்ற பதிவுப் பத்திரத்தில் இருக்கும் 11 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தளத்தில் கொடுத்தால் எந்த கராஜில் சோதித்தார்கள் என்பதும் தெரியும். பல வருடம் ஓரிடத்தில் அட்வைசரி வாங்கிக் குவித்த வண்டி, விற்பதற்கு முந்தைய மாதம் மட்டும் வேறொரு கராஜில் ஒரு குறிப்பும் இல்லாமல் பாஸாகியிருந்தால், காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.