மின் டிராக்டர் வாங்கலாமா? முதலில் டீசல் கணக்கைப் பாருங்கள்

மின் டிராக்டர் என்றதும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். வேலை முடியும்வரை சார்ஜ் நிற்குமா? போட்ட பணம் திரும்புமா? இரண்டுக்கும் விடை விளம்பரத் தாளில் கிடைக்காது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டீசல் டிராக்டரின் டேங்கில்தான் இருக்கிறது. வேலை அதிகமான ஒரு நாளில் எத்தனை லிட்டர் எரிகிறது என்பது முதல் கேள்விக்கு விடை சொல்லும். வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது இரண்டாவதற்கு.

லிட்டரை அளக்கும் விதம்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒரே வேலையை இரண்டு மணி நேரமாவது ஓட்டுங்கள். பிறகு அதே இடத்தில், அதே பக்கம் பார்க்க நிறுத்தி, அளவு போட்ட கேனால் மறுபடி கழுத்துவரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் எரிந்த அளவு. நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள், டிராக்டரின் மணி மீட்டரில் வேண்டாம். பழைய மெக்கானிக்கல் மீட்டர் எண்ணுவது எஞ்சின் சுற்றை. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் அதில் ஒரு மணி ஒரு மணியாக விழும், மெதுவாக ஓட்டினால் குறைத்துக் காட்டும். உழவு, ரோட்டவேட்டர், டிரெய்லர், மருந்தடிப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

இனி லிட்டரை யூனிட்டாக மாற்ற வேண்டும். கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், பேட்டரியில் கிலோவாட்-மணி (kWh) என்று எழுதியிருப்பார்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நல்ல பாரத்தில் ஓடும் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தண்டுக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். அந்த 3.3 யூனிட் வேலையை மோட்டார் செய்ய, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 3.75 யூனிட் போகும். பாரமான வேலைக்கு லிட்டருக்கு 4 யூனிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசான வேலையில் எஞ்சின் இன்னும் மோசமாக எரிக்கும், அதனால் அங்கே 3 போதும். வண்டி சும்மா நின்று உறுமும் நேரத்துக்கு மோட்டாரில் கணக்கே இல்லை.

ரோட்டவேட்டரில் மணிக்கு 6 லிட்டர் எரிகிறது என்று வையுங்கள். மணிக்கு 24 யூனிட் வேண்டும். 30 யூனிட் என்று எழுதிய பேட்டரியில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 25. அதாவது ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதே வண்டி, மணிக்கு 2.5 லிட்டர் எரியும் டிரெய்லர் ஓட்டத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். 2017-இல் ஜெர்மன் டிராக்டர் நிறுவனமான ஃபென்ட் காட்டிய இ100 வேரியோ மின் டிராக்டருக்கு 50 கிலோவாட் மோட்டார், 100 யூனிட் பேட்டரி, 5 மணி நேரம் வரை ஓடும் என்றார்கள். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 20 யூனிட், அதாவது மோட்டாரின் திறனில் 40 சதவீதம். முழு பாரத்தில் இரண்டு மணி நேரம்தான் வரும். அவர்கள் சொன்னது பொய்யில்லை, எந்த பாரத்தில் என்பதுதான் கேள்வி.

மின் கார் அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சீரான வேகத்தில் போகும் கார் தன் மோட்டாரின் சிறு பங்கையே பயன்படுத்துகிறது, பிரேக் போடும்போது கொஞ்சம் திரும்பவும் வாங்குகிறது. உழும் டிராக்டர் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும், திரும்ப வருவது எதுவுமில்லை.

பணக் கணக்கு

சார்ஜர் இழப்பையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்கு ஈடாக மீட்டரில் 4.5 யூனிட் ஓடும். டீசல் விலையிலிருந்து 4.5 யூனிட்டின் விலையைக் கழித்தால் லிட்டருக்கு மிச்சம் தெரியும். இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசத்தோடு சார்ஜிங் லைன் இழுக்கும் செலவையும் கூட்டி, அந்த மிச்சத்தால் வகுங்கள். எத்தனை லிட்டர் டீசலைத் தவிர்த்தால் பணம் திரும்பும் என்பது கிடைத்துவிடும். அதை வருட லிட்டரால் வகுத்தால் வருடக் கணக்கு. எஞ்சின் ஆயிலும் ஃபில்டர்களும் மிச்சம்தான், ஆனால் கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், டயர் செலவு அப்படியே இருக்கும்.

பேட்டரி சீக்கிரம் போய்விடுமே என்ற பயம் பெரும்பாலும் தலைகீழானது. 30 யூனிட் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒருமுறை ஏற்றி இறக்குவதற்கு, 25 யூனிட் எடுத்து 3,000 சுற்று ஓட்டினால் 75,000 யூனிட், ஏறத்தாழ 18,000 லிட்டர் டீசலுக்குச் சமம். வருடத்துக்கு 600 லிட்டர் எரிப்பவருக்கு அது 30 வருட வேலை. சுற்று தீருமுன் வயதாகியே பேட்டரி தளர்ந்துவிடும். ஆக, தினமும் நாலைந்து லிட்டர் வேலை இருக்கிற தோட்டம், மாட்டுப் பண்ணை, பசுமைக் குடில் இவற்றுக்குத்தான் இது பொருந்தும். பருவத்தில் நாளுக்கு 50 லிட்டர் எரித்துவிட்டு மற்ற மாதங்களில் வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி: அன்று 200 யூனிட் வேண்டும், மற்ற நாளில் போட்ட பணம் தூங்கும்.

வயர்தான் பலரைக் கவிழ்க்கிறது

16 ஆம்பியர் சாக்கெட்டில் 25 யூனிட் ஏற எட்டு மணி நேரம் ஆகும், மூன்று ஃபேஸ் 11 கிலோவாட் சார்ஜரில் இரண்டரை மணி. கொட்டகை மீட்டரிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்து, 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்திருந்தால், 16 ஆம்பியரில் 24 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 கிளம்பினால் 206 வந்து சேரும், ஏற்கெனவே 200தான் வருகிற மாலை நேரத்தில் 176. பல சார்ஜர்கள் அங்கே மக்கர் பண்ணும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 10 வோல்ட்தான். எக்ஸ்டென்ஷன் வயரை உருளையில் சுற்றியபடி சார்ஜ் போடக் கூடாது, உள்சுற்று சூடேறி உருகும். முதல் நாள் அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் தொடங்கவே மறுக்கும், அதைக் குறுக்கு வழியில் ஏமாற்றாதீர்கள். சோலார் நினைப்பவர்களுக்கு ஒன்று: வெயில் இருக்கும்போது வண்டி வயலில் இருக்கும்.

விற்பவரிடம் குதிரைத்திறன் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உச்சத் திறனைத்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள், தொடர்ந்து ஒரு மணி நேரம் தரும் திறன் வேறு. சூடேறினால் கன்ட்ரோலர் தானே சக்தியைக் குறைத்துவிடும். பி.டி.ஓ.வும் (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் பின்தண்டு) சக்கரமும் ஒரே மோட்டாரிலா, பேட்டரியில் ஒரு பகுதி மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியுமா, வாரண்டி எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ரோட்டவேட்டரை மாட்டி, உங்கள் நிலத்தில், மதிய வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். வண்டி உயிரே இல்லாமல் நின்றால் உடனே பெரிய பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் இறங்கியிருக்கும். அது உயிரோடு இருந்தால்தான் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் மூடும். உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அது மெக்கானிக்கின் வேலை.