பல்கலைக்கழகத்துக்கு மனுவோடு போகாதீர்கள், பாட்டிலோடு போங்கள்

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில், புதுச்சத்திரத்துக்கும் கடலுக்கும் நடுவில். மணல் கொல்லை, மல்லாட்டையும் (வேர்க்கடலை) சவுக்கும்தான் பிழைப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அதாவது போர் தண்ணீர், கரிக்க ஆரம்பித்தபோது நான் வார்டு உறுப்பினர். 'எங்கள் கிராமத்தைத் தத்தெடுங்கள்' என்று ஒரு கல்லூரிக்கு மனு கொடுத்தேன். ஏழு நாள் நாட்டு நலப்பணி முகாம் நடந்தது. பிள்ளைகள் குளத்தைச் சுத்தம் செய்தார்கள், கன்று நட்டார்கள், வீடு வீடாக நான்கு பக்கப் படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள். கன்றுகளை ஆடு தின்றது. படிவம் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்ட லட்சணம் அப்படி.

அதனால் முதலில் ஒரே ஒரு கேள்வியைப் பிடியுங்கள். 'ஊர் முன்னேற வேண்டும்' என்பது கேள்வி இல்லை. 'எத்தனை அடி ஆழத்துப் போர், எந்த மாசம் கரிக்கிறது?' என்பது கேள்வி.

அப்புறம், எந்தக் கதவைத் தட்டுவது என்று பாருங்கள். மல்லாட்டை, முந்திரி என்றால் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், வி.ஆர்.ஐ. ரகங்கள் அங்கே பிறந்தவைதான். கத்திரி, பலாவுக்குப் பாலூர். கரும்புக்குக் கடலூரிலேயே இருக்கிறது. மூன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. மீன், இறால் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். நிலத்தடி நீருக்கு அண்ணாமலைநகரில் புவி அறிவியல் துறை. புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்குக் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கிட்டம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். தேதி, ஆழம், யார் கொல்லை என்று எழுதி ஒட்டுங்கள். முதல் தடவை நான் கொண்டுபோனது அரைகுறையாகக் கழுவிய கலர் பாட்டில். பேராசிரியர் திறந்து மோந்து பார்த்தார், சிரித்தார், 'ஆரஞ்சா?' என்றார்.

அவர்தான் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், அதன் கனம் கீழே ஏறத்தாழ 40 மீட்டருக்கு உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்குமாம். மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழே என்ன ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கரிக்கிறதே என்று நாங்கள் இன்னும் ஆழமாகப் போட்டுக்கொண்டிருந்தோம்!

போகிற நேரமும் முக்கியம். முதுகலைப் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடும் சமயமாகப் பாருங்கள். அவர்களுக்குத் தலைப்பு வேண்டும், நமக்குப் பதில் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பையன் பத்துப் போரைக் குறித்துக்கொண்டு ஐப்பசிக்கு முன்னும் பின்னும், சித்திரையிலும் வந்து அளந்தான். சாப்பாடும் வண்டியும் எங்கள் பொறுப்பு. வரும்போதே ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். மே 1 சபையில் அவன் வாசித்தான். ஆழப்படுத்த முன்பணம் கொடுத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி, வரட்டும். இரண்டு பேர் போரை நிறுத்திவிட்டுச் சொட்டுநீருக்கு மாறினார்கள்.

பையன் பட்டம் வாங்கிப் போய்விட்டான். தண்ணீரில் உப்பை அளக்கும் கைமீட்டர் ஒன்று வாங்கினோம். எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் மாசம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுகிறாள். முதலில் என் போருக்குத்தான் வருவாள். போன மாசமும் ஏறித்தான் இருந்தது.