காட்டுயிர் பற்றி ஏஐ எழுதிய அறிவுரையை நம்புமுன் சரிபார்ப்பது எப்படி?

"தரையில் பறவைக் குஞ்சு கிடப்பதைக் கண்டால் உடனே அதை ஒரு மென்மையான துணியில் சுற்றி எடுங்கள், அலகைத் திறந்து சில துளி பாலோ நீரோ விடுங்கள், மனித வாடை பட்டுவிட்டதால் தாய்ப்பறவை இனி அதை ஏற்காது, ஆகவே நீங்களே வளர்த்து ஆளாக்குங்கள்." பனித்துளி போன்ற கண்களுடன் கையில் அமர்ந்திருக்கும் ஒரு குஞ்சின் படத்தோடு இவ்வகைப் பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எழுத்துப்பிழை இல்லை, தொனியில் கனிவு உண்டு, படிப்படியான ஒழுங்கும் உண்டு. ஆனால் சொல்லப்பட்டதை அப்படியே செய்தால் அந்தக் குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது.

இந்தப் பதிவைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். பறவையின் மூச்சுக்குழல் வாய் அதன் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருப்பதால், அலகுக்குள் சொட்டப்படும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைத்துவிடக்கூடும். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை. மனிதக் கை பட்டதற்காகத் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடும் என்பது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வழங்கிவரும் கட்டுக்கதை. பெரும்பாலான பறவைகள் தம் குஞ்சை வாடையால் அடையாளம் காண்பதில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியையே பதிவு கேட்கவில்லை என்பதுதான்: அந்தக் குஞ்சு எந்தப் பருவத்தில் இருக்கிறது? இறகு முளைக்காமல், கண் திறக்காமல் இருந்தால் அது கூட்டிலிருந்து தவறி விழுந்தது. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் அதைத் திரும்பக் கூட்டிலேயே வைத்துவிடலாம். உடல் முழுவதும் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாயும் தந்தையும் அருகிலேயே இருந்து தரையில்வைத்தே அதற்கு இரை ஊட்டும். பூனையோ வாகனமோ வரும் இடமாக இருந்தால் பக்கத்துப் புதருக்கு நகர்த்திவைப்பதைத் தவிர அதற்கு நாம் செய்யவேண்டியது எதுவுமில்லை. காயம் தெரிந்தால் காட்டுயிர் மீட்பில் பயிற்சி பெற்றவர்களை அழைக்கவேண்டும்.

இப்படிப்பட்ட பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் கண்டுபிடிப்பது எளிதாகிவிடும். ஏஐ கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள் தாம் பயின்ற கோடிக்கணக்கான பக்கங்களை வைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகின்றன. அந்தப் பக்கங்களில் பறவையியலாளரின் குறிப்பும் இருக்கும், பழைய கட்டுக்கதையும் இருக்கும், யாரோ நகைச்சுவைக்காக எழுதியதும் இருக்கும். 2024 மே மாதத்தில் கூகுள் தேடலின் ஏஐ சுருக்கம், நாளுக்கு ஒரு சிறு கல்லாவது தின்னலாம் என்று பயனர் ஒருவருக்குப் பதில் தந்தது ஓர் அங்கத இதழின் கட்டுரையை மெய்யென எடுத்துக்கொண்டதால்தான். ஆனால் இத்தகைய வேடிக்கைப் பிழைகள் உடனே கண்ணில் பட்டுவிடுவதால் அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஓர் இனத்துக்கோ, ஒரு பருவத்துக்கோ, ஒரு நிலப்பகுதிக்கோ மட்டும் பொருந்தும் உண்மையிலிருந்து அந்த நிபந்தனை உதிர்ந்துபோய், எல்லாவற்றுக்கும் எங்கும் பொருந்தும் பொதுவிதியாக அது வெளிவருவதுதான் ஆபத்தான பிழை. அறிந்த ஒருவரிடம் கேட்டால் "எந்த இனம், எந்த ஊர், எவ்வளவு நேரமாக?" என்று அவர் நம்மைத் திரும்பக் கேட்பார். பகிரப்படும் பதிவுக்கு அப்படிக் கேட்க வாயில்லை.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது நிபந்தனையை. "பாம்பு கடித்தால்", "கரடி எதிர்ப்பட்டால்" என்று இனத்தைக் குறிப்பிடாமல் தொடங்கும் எந்த அறிவுரையையும் அந்த இடத்திலேயே சந்தேகிக்கலாம். பழுப்புக் கரடி தன் குட்டியைக் காக்கப் பாய்ந்து தாக்கினால் குப்புறப் படுத்துக் கழுத்தை மூடி அசையாமல் கிடப்பது சரியான வழி. அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் அப்படிக் கிடக்கக்கூடாது, எதிர்த்துப் போராடவேண்டும். இரண்டையும் ஒரே "கரடி" ஆக்கிவிடும் பதிவு உயிரோடு விளையாடுகிறது. பவளப்பாம்பு போலத் தோன்றும் பாம்பின் உடலில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் நஞ்சுள்ளது, சிவப்பும் கருப்பும் ஒட்டியிருந்தால் நஞ்சற்றது என்ற பிரபலமான சூத்திரமும் இதே வகைதான். வட அமெரிக்காவில் ஓரளவு பயன்படும் அந்த விதி, தென் அமெரிக்கப் பவளப்பாம்புகளிடம் எடுபடாது. "முக்கோணத் தலை என்றால் நஞ்சுப்பாம்பு" என்பதும் அப்படியே. கட்டுவிரியனின் தலை கழுத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒடுங்கியிருக்கும், நாகத்தின் தலையும் முக்கோணம் அன்று. மாறாக, நஞ்சே இல்லாத நீர்ப்பாம்புகள் சில, மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும்.

அடுத்து, பதிவில் உள்ள வினைச்சொற்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் படியுங்கள். கேலியாகத் தோன்றினாலும், நான் கையாளும் முறைகளில் அதிகம் பயன்பட்டது இதுதான். தொடு, தூக்கு, ஊட்டு, கீறு, கட்டு, பிடி, தின்று பார் போன்ற ஏவல்கள் இருந்தால், அந்தச் செயல் தவறாகப் போனால் திருத்தமுடியுமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். திருத்தமுடியாத செயலைப் பரிந்துரைக்கும் பதிவை, வேறொரு நம்பகமான இடத்தில் உறுதிசெய்யாமல் நம்பவே கூடாது. "விலகி நில்லுங்கள், கவனியுங்கள், இவரை அழையுங்கள்" என்று சொல்லும் அறிவுரை தவறாக இருந்தாலும் பெரும்பாலும் கேடு சிறிதாகவே இருக்கும். காட்டுயிர் மீட்பாளர்கள் தரும் அறிவுரைகளில் பல, "எதையும் செய்யாதீர்கள்" என்பதன் வெவ்வேறு வடிவங்கள்தாம். புல்லுக்குள் தனியே படுத்திருக்கும் மான்குட்டியைத் தாய் மணிக்கணக்கில் விட்டுச் செல்வது இயல்பு. அதை அனாதை என்று எண்ணித் தூக்கிவருகிறவர்தான் அதை அனாதையாக்குகிறார்.

பாம்புக்கடியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகிய நான்கில் எதைச் சொன்னாலும் அந்தப் பதிவு தவறானது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, நஞ்சுமுறி மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்கு விரைவதுதான் எங்கும் பொருந்தும் வழி. இங்கும் நிபந்தனை தலைகாட்டுகிறது: கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் துணிப்பட்டையை அழுத்திச் சுற்றும் முறை ஆஸ்திரேலியாவில் அதிகாரப்பூர்வமாகப் பரிந்துரைக்கப்படுகிறது, திசுவை அழிக்கும் விரியன் நஞ்சுக்கு அதே முறை பாதிப்பைக் கூட்டிவிடக்கூடும். ஆஸ்திரேலியப் பக்கத்தில் படித்ததை மொழி மாதிரி உலகத்துக்கே பொதுவாக்கி எழுதும்போது, அதில் ஒரு வாக்கியமும் பொய்யாக இராது, ஆனால் மொத்தமும் தவறாகிவிடும்.

காட்டுக் காளான்கள் விலங்குகள் அல்ல என்றாலும் இந்தச் சிக்கல் அங்கேயும் பெரிதாகப் பேசப்பட்டது. 2023-இல் அமேசானில் ஏஐ எழுதியவையாகத் தோன்றிய காளான் கையேடுகள் குவிந்தபோது, அவற்றை நம்பவேண்டாம் என்று நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரித்தது. "சிறு துண்டைச் சமைத்துத் தின்று, சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்" என்ற யோசனை ஏன் கொலைகாரத்தனமானது என்பதற்கு அமனிட்டா ஃபல்லாய்டீஸ் என்ற காளானே போதும். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. முதல் அறிகுறி தோன்றவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குமேல் ஆகும். பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் அடங்கி, குணமாகிவிட்டது போன்ற ஒரு நாள் வரும். அந்த நாளில்தான் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும்.

படங்களைச் சோதிப்பதற்கு அந்த உயிரினத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும், தொழில்நுட்பம் பிறகுதான் வேலைக்கு வரும். மயில்குஞ்சு நல்ல எடுத்துக்காட்டு. 2024-இல் ஆங்கிலத்தில் "மயில்குஞ்சு" என்று கூகுளில் தேடியவர்களுக்கு, பஞ்சுருண்டை போன்ற வெள்ளை உடலும், நீலக் கொண்டையும், குட்டித் தோகையுமாக ஏஐ உருவாக்கிய படங்கள் வரிசையாக வந்தன. உண்மையான மயில்குஞ்சு கோழிக்குஞ்சைப் போல மங்கிய பழுப்பாக இருக்கும். ஆண்மயிலுக்கு முழுத்தோகை வளர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும். கால்களையும் எண்ணிப் பார்க்கலாம்: சிலந்தியின் எட்டுக் கால்களும் தலையும் மார்பும் இணைந்த முன்பகுதியிலிருந்தே புறப்படும், வயிற்றிலிருந்து ஒன்றும் புறப்படாது, பூச்சியின் ஆறு கால்களும் மார்பில்தான் இருக்கும். இந்தத் தடயங்கள் ஆண்டுக்கு ஆண்டு மறைந்துவருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். 2025-இல் இரவுக் காமிராக் காட்சி போலத் தோன்றிய, முயல்கள் டிராம்போலினில் துள்ளும் ஏஐ காணொளி கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது, பலர் அதை உண்மையென்றே நம்பினார்கள். ஒரு முயல் நடுவே காற்றில் மறைவதை அவர்கள் கவனிக்கவில்லை. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடல் கருவிகளில் படத்தைப் பின்தேடி, அது முதலில் எங்கே வெளியானது, யார் எடுத்தது, எந்த இனம் என்று குறித்திருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது கண்ணை மட்டும் நம்புவதைவிட உறுதியானது.

எழுத்துக்கும் இதே பின்தேடல் வேண்டும். பதிவில் அறிவியல் பெயர் இருந்தால் அதை உயிரினங்களைப் பதிவுசெய்யும் தளமான ஐநேச்சுரலிஸ்டிலோ, அழியும் அபாயத்தை மதிப்பிடும் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலிலோ தட்டிப் பாருங்கள். பெயர் கிடைக்காமலோ, கிடைத்த உயிரினம் வேறு கண்டத்தில் வாழ்வதாகவோ இருந்தால் அத்துடன் நிறுத்திவிடலாம். "ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்" என்று இருந்தால், எந்த ஆய்வாளர், எங்கே, எப்போது என்று தேடிப்பார்த்து, கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மிச்சமாக ஒன்றும் இராது. பலர் செய்யும் தவறு, ஓர் ஏஐ சொன்னதை இன்னோர் ஏஐயிடம் சரியா என்று கேட்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே குவியலிலிருந்து கற்றவை என்பதால், ஒரே கட்டுக்கதையை இருமுறை கேட்டது போலத்தான் ஆகும். "இதை ஏஐ எழுதியதா" என்று சொல்லும் கருவிகளையும் நான் பெரிதாக நம்புவதில்லை. அவை அடிக்கடி தவறுகின்றன. தவிர, மனிதரே எழுதினாலும் தவறான அறிவுரை தவறானதுதான்.

குழுவில் ஒருவர் இத்தகைய பதிவைப் போட்டுவிட்டால், "இது பொய்" என்று எல்லார் முன்னிலையிலும் அவரை மடக்குவதால் பயன் குறைவு. பெரியவராக இருந்தால் தனிச்செய்தியில், "நீங்கள் அனுப்பியதில் இந்த ஒரு வரி மட்டும் ஆபத்தாக இருக்கிறது" என்று எழுதினால் அவரே நீக்கிவிடுவார். குழுவில் திருத்தம் போடும்போது பழைய படத்தை மீண்டும் ஒட்டாமல், சரியான செயலை முதல் வரியில் எழுதுங்கள். பலர் முதல் வரிக்குமேல் படிப்பதில்லை. உறங்குகிறவர் அறையில் வௌவால் புகுந்திருந்தது, ஆனால் காயம் தெரியவில்லை, கவலை வேண்டாம் என்று ஒரு பதிவு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தத்தை இப்படித் தொடங்கலாம்: "இன்றே மருத்துவரைப் பாருங்கள். வௌவாலின் பல் தடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம். ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதற்குமுன் தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம். கடியோ கீறலோ தெரிந்தால் உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள்."